கொண்டித் தொழுவிலிருந்து கருத்தடை மையம் வரை: புதுக்கோட்டையில் விலங்கு விதிகளின் வரலாறு

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை நகராட்சி மாநகராட்சி ஆனது. காரைக்குடி, நாமக்கல், திருவண்ணாமலை ஆகியவையும் அப்போதுதான் தரம் உயர்ந்தன. வரி கூடுமா, நூறு நாள் வேலை போய்விடுமா என்பவையே இணையும் ஊராட்சிகளில் பெரிதாகப் பேசப்பட்டன. ஓசையில்லாமல் மாறிய இன்னொன்றும் உண்டு. அந்த ஊர்களின் தெருநாயும் வீதியில் படுத்திருக்கும் மாடும் ஊராட்சிச் சட்டத்தின் கையிலிருந்து நகர்ப்புறச் சட்டத்தின் கைக்கு வந்துவிட்டன. நகர்ப்புறச் சட்டமே அப்போது புதிது. 1998-இல் இயற்றப்பட்டு நீண்ட காலம் உறங்கிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில் அதற்கான விதிகளோடு சேர்ந்துதான் முழுமையாக நடப்புக்கு வந்தது.

விலங்குகளைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பற்றிய விவாதம் இன்று 'நாய்ப் பிரியர்' 'நாய் எதிர்ப்பாளர்' என்ற இரு கட்சிச் சண்டையாகிவிட்டது. வரலாற்றைப் புரட்டினால் வேறொரு கேள்வி முன்னே நிற்கிறது. அலைந்து திரியும் ஒரு விலங்கைப் பற்றி விதி செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது, அது எப்போது கைமாறியது? மாட்டின் கதையும் நாயின் கதையும் இதில் நெடுந்தூரம் சேர்ந்தே நடந்து, 2017-இல் பிரிகின்றன. பிரிவின் ஒரு பக்கத்தை மிகத் தெளிவாகக் காட்டும் மாவட்டம் புதுக்கோட்டை. தமிழகத்தில் ஜல்லிக்கட்டுக்கான வாடிவாசல்கள் மிக அதிகமாக இருப்பது இங்கேதான்.

அணாக் கணக்கு

பிரிட்டிஷ் இந்தியாவின் கால்நடை அத்துமீறல் சட்டம் 1871-ஆம் ஆண்டின் முதல் சட்டம். ஊர்ப்பேச்சில் பட்டி, பவுண்டு என்றும், பழைய எழுத்துகளில் கொண்டித் தொழு என்றும் வழங்கிய அடைப்பிடத்துக்கு முறையான விதிகளைத் தந்தது இது. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடிக்கும் உரிமை பயிர்க்காரருக்கு உண்டு. பிடித்த மாட்டை 24 மணி நேரத்துக்குள் பட்டிக்கு ஓட்டிப் போக வேண்டும். பட்டிக்காரர் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். உரியவர் அபராதத்தோடு தீனிச் செலவையும் கட்டி மீட்க வேண்டும். ஏழு நாளில் யாரும் வராவிட்டால் தண்டோரா. அதன் பிறகும் ஏழு நாள் பார்த்துவிட்டு ஏலம்.

அபராதப் பட்டியல் சுவையானது. யானைக்கு 2 ரூபாய். எருமைக்கும் ஒட்டகத்துக்கும் 8 அணா. காளை, பசு, குதிரைக்கு 4 அணா. கன்று, கழுதை, பன்றிக்கு 2 அணா. ஆட்டுக்கு ஓர் அணா. யானை வரை எண்ணிய இந்தப் பட்டியலில் நாய் இல்லை. மறதியால் விட்டுப்போனதல்ல. நாய் பயிரை மேயாது, ஏலத்தில் விலை போகாது, அதை அடைத்து வைத்தால் தீனிச் செலவு கொடுக்க ஆளும் வராது. சட்டம் காக்க நினைத்தது விளைச்சலை. விலங்கு அதில் உடைமை மட்டுமே. உடைமையாக இல்லாத விலங்குக்கு அந்தச் சட்டத்தில் இடமும் இல்லை.

அன்று சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டைக்கு, தொண்டைமான் சீமைக்கு, இச்சட்டம் தானாக வந்து சேரவில்லை. சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் இந்தியச் சட்டம் செல்ல வேண்டுமானால் தர்பார் அதை ஏற்றுத் தனி ரெகுலேஷனாக வெளியிட வேண்டும். திருச்சி, தஞ்சை, மதுரை ஜில்லாக்கள் சூழ நடுவே கிடந்த சீமை இது. எல்லையோரத்து ஆடு ஒன்று வரப்பைத் தாண்டினால் வேறொரு சட்டத்துக்குள் காலை வைத்துவிடும். ஓர் அணாவுக்கு 20 அம்மன்காசு என்று எண்ணிய சீமையின் ஆட்டுக்காரர் அங்கே பிரிட்டிஷ் கணக்கில் அபராதம் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

கோயில் காளை யாருடையது?

மேய்ச்சல் மாட்டுக்கு உரியவர் உண்டு. கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளைக்கு? புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கோயில் காளை கட்டுத்தறி அறியாதது. எந்த வயலிலும் இறங்கும், எந்த வாசலிலும் நிற்கும், யாரும் விரட்ட மாட்டார்கள். ஜல்லிக்கட்டில் முதலில் அவிழ்த்து விடப்படுவது அதுதான், அதை யாரும் பிடிப்பதும் இல்லை. இப்படிப்பட்ட காளைகள் 1880-களில் நீதிமன்றங்களைக் கொஞ்சம் திணறவைத்தன. சடங்கின்போது சுதந்திரமாக விடப்பட்ட காளை எவருடைய உடைமையும் அல்ல, ஆகவே அதைப் பிடித்துச் செல்வது திருட்டாகாது என்றது அலகாபாத் உயர் நீதிமன்றம். சென்னை உயர் நீதிமன்றம் நல்லா என்பவர் மீதான வழக்கில் வேறு விதமாகச் சொன்னது. கோயிலுக்கு விடப்பட்டு அலையும் காளை அநாதைப் பொருள் அல்ல. அந்தக் கோயிலின் தர்மகர்த்தாவுக்கே அதன் உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

குற்றவியல் பாடநூல்களில் ஒரு வரியாகக் கடந்து போகும் தீர்ப்பு இது. எனினும் தெற்கே அலையும் விலங்கைப் பற்றிய சிந்தனைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் எண்ணம். அவிழ்த்து விட்டதால் மட்டும் ஒரு விலங்கு உரிமையாளரற்றதாகிவிடாது. அதை ஓர் அமைப்பு தன்னுடையது என்று ஏற்றால் போதும். கோயில் காளைக்கு அந்த அமைப்பு இருந்தது. ஊரே வைத்துச் சோறு போடும் தெருநாய்க்கு அப்படி ஒன்றைச் சட்டம் கண்டுபிடிக்க இன்னும் 130 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நகரம் வருகிறது

சேஷய்ய சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில் நேர்கோட்டு வீதிகளோடு திருத்தி அமைக்கப்பட்ட ஊர் புதுக்கோட்டை. 1912-இல் அங்கே நகராட்சி ஏற்பட்டது. சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. சட்டங்கள் இணைந்தது அதன் பின்னர்தான். சென்னை இணைந்த அரசுகள் (சட்டங்கள்) சட்டம், 1949 என்ற ஒரே சட்டம், மாகாணச் சட்டங்களின் நீண்ட அட்டவணை ஒன்றைப் புதுக்கோட்டைக்கு நீட்டித்தது. தமிழகத்தின் பழைய சட்டப் புத்தகங்களில் பக்க அடியில் 'இணைந்த புதுக்கோட்டை அரசுக்கும் இது பொருந்தும்' என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

சென்னை மாகாண நகராட்சிச் சட்டங்கள் நாயைப் பார்த்த கண் வேறு. 1871-இல் விளைச்சல் என்றால் 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தில் சுகாதாரம். உரிமம் இல்லாமல் தெருவில் அலையும் பன்றியும் நாயும் கொல்லப்படும் என்று பொது அறிவிப்புக் கொடுக்க உள்ளாட்சிக்கு அதிகாரம் இருந்தது. பட்டிக்கு வந்த மாட்டுக்கு ஏலம், தெருவில் நின்ற நாய்க்குச் சாவு. நகராட்சி நாய்வண்டி, கம்பிச் சுருக்கு, தடி, பின்னாளில் விஷ உருண்டை எல்லாம் இந்த அதிகாரத்திலிருந்து வந்தவையே.

இந்த வழக்கம் ஆங்கிலேயர் நகரங்களில் தொடங்கியது. பம்பாயில் ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் நாய் கொல்லலாம் என்றிருந்த விதியை 1832-இல் கூடுதல் நாட்களுக்கு நீட்டினார்கள். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் ஜூன் மாதத்தில் கடையடைத்துக் கலகம் செய்தார்கள். இந்தியாவில் ஒரு நகரத்தின் விலங்கு விதியைத் திருத்தப் போய் மூண்ட முதல் பெருங்கலவரம் அதுவாகவே இருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி 1860-இல் நாய்களைக் கொல்லத் தொடங்கியது என்றும், 1990-களின் நடுவில் கொல்லப்பட்டவை நாளொன்றுக்கு 135 வரை எட்டின என்றும் விலங்கு நல அமைப்பான புளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூற்று முப்பது ஆண்டுகள் கொன்ற பிறகும் எண்ணிக்கை ஏறத்தான் செய்திருக்கிறது. ஒரு கொள்கை தோற்றது என்பதற்கு இதைவிடப் பெரிய புள்ளிவிவரம் தேவையில்லை.

இத்தனைக்கும் இது நாயை மதிக்காத நாடல்ல. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று, கள்வரோடு பொருத கோவிவன் என்ற நாயின் பெயரைப் பொறித்து அதன் உருவத்தையும் வீரனருகே நிறுத்தியிருக்கிறது. சட்டப் புத்தகத்துக்கும் நடுகல்லுக்கும் இடையே நின்றது வெறிநோய்.

கடித்த நாய்க்கு வெறி இருந்தால் சாவு உறுதி என்ற அச்சம்தான் எல்லாக் கொலை விதிகளுக்கும் அடியில் ஓடியது. அதற்கு மருந்து தேடிய முதல் தென்னிந்திய நிறுவனம் குன்னூரில் 1907-இல் திறக்கப்பட்ட பாஸ்டர் நிலையம். சமவெளியில் கடிபட்டவர் மலையேற வேண்டியிருந்த காலம் அது. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து செய்த தடுப்பு மருந்தும், தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளின் நினைவும் இரண்டு தலைமுறைகளிடம் இன்றும் இருக்கின்றன. அந்தப் பழைய வகை மருந்தை இந்தியா 2004-இல்தான் கைவிட்டது. சிகிச்சை எட்டாத தூரத்தில் இருந்தபோது தடி ஒன்றே தடுப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை. சிகிச்சை அரசு மருத்துவமனைக்கு வந்த பிறகும் விதி தடியிலேயே நின்றது என்பதுதான் வியப்பு.

16-ஆம் இனமும் 17-ஆம் இனமும்

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 16-ஆம் இனம்: கால்நடைப் பட்டிகளும் அத்துமீறல் தடுப்பும். பொதுப் பட்டியலின் 17-ஆம் இனம்: விலங்கு வதைத் தடுப்பு. பக்கத்துப் பக்கத்து எண்கள், வேறு வேறு பட்டியல்கள். தெருவில் நிற்கும் விலங்கு தொல்லையாகப் பார்க்கப்படும்வரை மாநிலம் தனித்து விதி செய்யலாம். வதைபடும் உயிராகப் பார்க்கத் தொடங்கிய கணத்தில் நாடாளுமன்றமும் உள்ளே வருகிறது. முரண் வந்தால் மத்தியச் சட்டமே மேல். 1993-இல் நடப்புக்கு வந்த 74-ஆம் திருத்தம், பன்னிரண்டாம் அட்டவணையின் 15-ஆம் இனத்தில் 'கால்நடைப் பட்டிகள், விலங்கு வதைத் தடுப்பு' என்று இரண்டையும் ஒரே வரியில் கட்டி நகராட்சிகளின் தலையில் வைத்தது. பணத்தைப் பற்றி அந்த வரியில் எதுவும் இல்லை.

மாற்றத்தைத் தொடங்கி வைத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1950-களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியே 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். 1962-இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. (வாரியத்தின் தலைமையகம் 2018 வரை சென்னையில் இருந்தது, இப்போது ஹரியாணாவில்.) அந்தச் சட்டமும் நாயைக் காப்பாற்றிவிடவில்லை. நச்சுவாயு அறையிலோ விதித்த வேறு முறையிலோ தெருநாய்களைக் கொல்வது வதையாகாது என்ற விலக்கு 11-ஆம் பிரிவிலேயே உண்டு. நகராட்சிகள் நாற்பது ஆண்டுகள் அந்த விலக்கின் நிழலில் இருந்தன.

அந்த வழக்கத்தை முறித்தது 2001 டிசம்பர் 24-இல் வெளிவந்த விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாடு (நாய்கள்) விதிகள். பிடி, கருத்தடை செய், வெறிநோய்த் தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. சென்னையில் புளூ கிராஸ் வலியுறுத்தி, 1990-களின் நடுவில் மாநகராட்சி ஏற்ற முறை நாடு முழுமைக்கும் விதியாயிற்று. இதில் அதிகம் பேசப்படாத 13-ஆம் விதி உண்டு. உள்ளூர்ச் சட்டமோ துணைவிதியோ ஏற்கெனவே இருந்தால், இரண்டில் எது விலங்குக்குக் குறைந்த துன்பம் தருகிறதோ அதுவே செல்லும் என்றது அது. மாநிலச் சட்டமன்றம் கொடுத்த கொல்லும் அதிகாரம், நீக்கப்படாமல் ஏட்டிலேயே இருக்க, ஒரு மத்திய விதியின் ஒற்றை வரியால் செயலிழந்தது. உயர் நீதிமன்றங்கள் இது செல்லுமா என்று ஒன்றுக்கொன்று முரண்பட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது 2024 மே மாதத்தில்தான்.

காளை தப்பியது எப்படி

இதே 17-ஆம் இனத்தின் கீழ்தான் ஜல்லிக்கட்டும் சிக்கியது. தமிழ்நாடு 2009-இல் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2011 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் காட்சிப்படுத்தத் தடை செய்யப்பட்ட விலங்குகளின் வரிசையில் காளையைச் சேர்த்தது. 2014 மே 7-இல் நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலச் சட்டம் 1960 சட்டத்துக்கு முரணானது என்று அதை வீழ்த்தியது. அதுவரை காளையும் நாயும் ஒரே நிலையில்தான் இருந்தன. மாநில விதி ஒன்று, அதன் மேல் மத்திய விதி ஒன்று, மேலே உள்ளதே வெற்றி.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவிலும் மாவட்டங்களிலும் எழுந்த கூட்டம் இந்த ஏணியில் ஒரு படியைக் கண்டுபிடிக்க வைத்தது. பொதுப் பட்டியல் விஷயத்தில் மாநிலச் சட்டம் மத்தியச் சட்டத்துக்கு முரண்பட்டாலும், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால் அந்த மாநிலத்தில் அது செல்லும் என்கிறது 254-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. முதலில் அவசரச் சட்டம், அடுத்து சட்டமன்றத்தில் 1960 சட்டத்துக்கு மாநிலத் திருத்தம், மாத இறுதிக்குள் ஒப்புதல். 2023 மே 18-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது.

புதுக்கோட்டையில் இதன் விளைவைக் கண்ணால் பார்க்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் கந்தர்வகோட்டை வட்டத்துத் தச்சங்குறிச்சியில் திறக்கும் வாடிவாசல் தொடங்கி மாதக்கணக்கில் ஊர் ஊராக ஜல்லிக்கட்டு நடக்கும். ஒவ்வோர் ஊருக்கும் ஆட்சியர் அனுமதி வேண்டும். காளையைக் கால்நடை மருத்துவர் சோதிக்க வேண்டும். இரட்டைத் தடுப்பு வேலி, பார்வையாளர் மேடை, ஆம்புலன்ஸ் என எல்லாவற்றுக்கும் வரையறை உண்டு. விழாக்குழு, காளை வளர்ப்போர், மாடுபிடி வீரர், வருவாய்த்துறை என்று விதியின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பேற்க ஓர் ஆள் இருக்கிறார். அரசாணையில் ஒரு நிபந்தனை மாறினால் மறுநாளே ஊர்ப் பெரியவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் நிற்பார்கள்.

நாய்க்கு இந்த வழி திறக்கவில்லை. சட்டத் தடை எதுவுமில்லை. 254(2) காளைக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. கேரளம் தன் தெருநாய்ச் சிக்கலுக்காக விதியைத் தளர்த்தும்படி மத்திய அரசிடம் பலமுறை கேட்டிருக்கிறது. தமிழ்நாடு அந்தப் பக்கம் போகவில்லை. காளைக்கு உரிமையாளரும் வாக்கும் பெருமையும் இருக்கின்றன. நாய்க்கு அதை எதிர்ப்பவரும் காப்பவரும் மட்டுமே இருக்கிறார்கள். இருவரும் மாநகராட்சி வாசலிலும் நீதிமன்றத்திலும் சந்திக்கிறார்களே தவிர, சட்டமன்றத்தில் அவர்களுக்காகப் பேச ஆளில்லை. ஆகவே நாயைப் பற்றிய விதி தில்லியிலேயே எழுதப்படுகிறது, தில்லியிலேயே திருத்தப்படுகிறது.

தில்லியின் திருத்தங்கள்

2023 மார்ச் 10-இல் வந்த புதிய விதிகள் 2001 விதிகளின் இடத்தைப் பிடித்தன. பழைய விதி தொண்டு நிறுவனங்களையும் தனியாரையும் உள்ளாட்சியோடு சேர்த்து அழைத்தது. புதியது உள்ளாட்சியே செய்ய வேண்டிய கடமை என்றது. செய்ய முன்வரும் நிறுவனம் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். அகற்றிய உறுப்புகளை எண்ணிக் கணக்குச் சரிபார்க்கும் ஏற்பாடும் உண்டு. நாய்க்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் திட்டத்தில் பொய்க்கணக்கு எழுதாமல் இருக்க வேறு வழியில்லை போலும். தெருநாய் இப்போது 'சமூக விலங்கு'. அதற்குச் சோறு வைக்கும் இடத்தைக் குடியிருப்போர் சங்கமோ உள்ளாட்சியோ குறிக்க வேண்டும். நல்லா வழக்கில் கோயிலுக்குக் கிடைத்த பொறுப்பின் ஒரு மெலிந்த வடிவம் இது. உரிமையாளர் என்று யாரையும் சொல்லாமல், பொறுப்பை மட்டும் தெருவுக்குப் பங்கிட்டுத் தருகிறது.

2025-இல் உச்ச நீதிமன்றம் மூன்று முறை திசை திருப்பியது. ஆகஸ்ட் 11-இல் தில்லி வட்டாரத்து நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வெறிநோயுள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விடச் சொல்லி, வழக்கை நாடு முழுதுக்கும் விரித்தது. நவம்பர் 7-இல் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டரங்கம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து பிடித்த நாயை அதே இடத்தில் விடக் கூடாது என்றது. நெடுஞ்சாலைகளில் அலையும் மாடுகளை அகற்றவும் அதே நாளில் உத்தரவு.

புதுக்கோட்டை போன்ற சிறு மாநகராட்சிக்கு இதன் பொருள் என்ன? 2011 கணக்கெடுப்பில் சுமார் 1.17 லட்சம் மக்கள் இருந்த நகரம், இப்போது அதைச் சுற்றிய ஊராட்சிகளும் சேர்ந்தது. பேருந்து நிலையத்து நாயைப் பிடித்தால் திரும்ப விட இடமில்லை, காப்பகம் வேண்டும். வீதி நாயைப் பிடித்தால் காப்பகத்தில் வைக்கக் கூடாது, திரும்ப விட வேண்டும். நாய் அந்த எல்லையை அறியாது என்பது ஒருபுறமிருக்க, இரண்டுக்கும் தனித்தனியே கூண்டும் மருத்துவரும் உணவுச் செலவும் வேண்டும். மாட்டைப் பொறுத்தவரை மாநிலச் சட்டத்திலேயே வழியிருக்கிறது. நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே செய்தது. அபராதத்தை உயர்த்தவும் மாநகராட்சிகளுக்கு அதிகாரம் உண்டு. 2023-இல் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டிய பிறகு சென்னை அப்படித்தான் உயர்த்தியது. அணாவில் தொடங்கிய அபராதம் இன்று அங்கே ஆயிரங்களில் நிற்கிறது.

நாய் விஷயத்தில் மாநகராட்சி கையில் மீந்திருப்பது குறைவு. வளர்ப்பு நாய்க்கு உரிமம், தடுப்பூசிப் பதிவு, சோறு வைக்கும் இடங்கள், குப்பை, இறைச்சிக் கழிவு. குறைவானாலும் அற்பமல்ல. தமிழகத்தில் 2024-இல் பதிவான நாய்க்கடிகள் சுமார் 4.8 லட்சம், ரேபிஸ் மரணங்கள் 43. கடியைக் குறைக்கக் கருத்தடை வேண்டும், பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். மரணத்தை நிறுத்தத் தடுப்பூசி போதும், பலன் விரைவில் தெரியும். ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நீண்டகால அளவுகோல். ஜப்பான் 1950-இல் சட்டம் செய்து, பதிவு, ஊசி, பிடித்தல் மூன்றையும் சேர்த்து நடத்தி ஏழே ஆண்டில் நோயை ஒழித்தது. கோவா ஆண்டுதோறும் வலையோடு தெருத்தெருவாகப் போய் ஊசி போட்டு, 2021-இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாகத் தன்னை அறிவித்தது. நமது விதிகளோ 2001 முதல் 'இனப்பெருக்கக் கட்டுப்பாடு' என்ற பெயரைச் சுமந்து, அறுவைக் கூடத்தை நடுவில் வைத்து, ஊசியை அதன் ஓரத்தில் வைத்துவிட்டன. அறுவைக் கூடம் இல்லாத ஊரில் ஊசியும் போடப்படுவதில்லை. ஊசி போட அறுவைக் கூடம் தேவையில்லை, எந்த மத்திய விதியும் அதைத் தடுக்கவும் இல்லை.

தில்லியின் அனுமதிக்குக் காத்திராமல் புதிய மாநகராட்சி இன்றே எழுதக்கூடிய துணைவிதி இதுதான்: வார்டு வாரியாக நாய்க் கணக்கு, ஆண்டுக்கொரு முறை ஊசி, ஊசி போட்டதற்குச் சாயக் குறி. இணைந்த ஊராட்சிகளில் இருந்து அதைத் தொடங்குவது நல்லது. அங்கே நாய்கள் வயலுக்கும் தெருவுக்கும் நடுவே திரிகின்றன, கருத்தடை வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே.